நயினார் மாஸ்டரின் ஃபிரிட்ஜ்

தாத்தாவாகிப் பதினோராம் நாள் காலையில், நயினார் கையில் பால் பாக்கெட்டோடு மணக்காட்டு வாடகை வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் அஜிதா பாயிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தாள். எழுந்தவள் முழுசாக நிமிரவில்லை. கண் சொருகியது. முதுகு சுவரில் உரச அப்படியே சரிந்தாள். நயினார் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்துபோய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். பாக்கெட் உடைந்து அறை முழுக்கப் பால். பிள்ளை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அஜிதாதான் அழுதாள்.

"எனக்கு இவளத் தூக்கவே பயமா இருக்குப்பா. கீழ போட்டுருவேன் போல இருக்கு."

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே சீட்டில் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். ரத்த அளவு எட்டு புள்ளி ஒன்று. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. தினம் இரண்டு இரும்புச்சத்து மாத்திரை, நல்ல சாப்பாடு, ஒரு மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை. அப்போதும் ஏறாவிட்டால் அட்மிட் பண்ணி டிரிப் போட வேண்டியிருக்கும் என்றும், அதுவரை பிள்ளையை உட்கார்ந்தபடிதான் வைத்துக்கொள்ள வேண்டும், தூக்கிக்கொண்டு நிற்கவோ நடக்கவோ கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அஜிதா கேட்கவில்லை. இந்தக் காலைக்குப் பிறகு கேட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை.

"என் பிள்ளைய எடுத்துத் தர எனக்கு ஒரு ஆளு வேணும். என்ன அம்ம நான்?" என்று மலையாளமும் தமிழும் கலந்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. கோபம் வந்தால் மட்டும் முழுத்தமிழ்.

அந்த எடுத்துத் தருகிற ஆள் நயினார்தான். மருமகன் செல்வகணேஷுக்குக் கோட்டயத்தில் டைல்ஸ் ஒட்டும் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடியுமுன் போய்விடுவான். மனைவி மாடம்மாள் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு துணி குடோனில் மடித்து அடுக்கும் வேலைக்குக் காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம் ஏழாகும் வர. நயினாருக்கு வேலை இல்லை. முப்பத்தெட்டு வருஷம் அவர் டீ ஆற்றிய கடை இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஆறு மாதம் ஆகும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பணகுடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்றாம் வகுப்போடு கிளம்பி, பதிமூன்று வயதில் கிளாஸ் கழுவச் சாலைக்கு வந்தவர் நயினார். கழுவிக் கழுவி எட்டு வருஷம் கழித்துத்தான் டீப் பையில் கை வைக்க விட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் கையை எடுக்கவே இல்லை. ஐம்பத்தொன்பது வயதுவரை பகல் வெளிச்சத்தில் தன் வீடு எப்படி இருக்கும் என்று அவர் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். ஜன்னலோரம் வெயில் எத்தனை மணிக்கு விழுகிறது, பிள்ளை எந்தப் பக்கம் தலை வைத்தால் தூங்குகிறது, தூக்கத்தில் எப்போது சிரிக்கிறது எல்லாம் அவருக்குத் தெரியும். 'வாவா' என்றுதான் கூப்பிடுவார். பேர் வைத்தாயிற்று, இஷானி. அவர் வாய்க்கு அது வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வாசலில் நின்றால் போதும், "வாவா காது பாத்தியளா, அப்படியே எங்க அம்மா காது" என்று ஆரம்பித்துவிடுவார்.

பால் கொட்டிய அன்று அவர் தரையைத் துடைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். ஒற்றைக் கதவு, பழையது. உள்ளே மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு போணியில் இட்லி மாவு, இலையில் சுற்றிய பிச்சிப்பூ, எப்போதோ வாங்கிய மூட்டுவலி களிம்பு. அவ்வளவுதான். பால் கொடுக்கிற பெண்ணுக்குப் பசி நேரம் பார்த்து வராது. அடுப்படியில் நிற்கவும் தெம்பில்லை. கதவைத் திறந்து கையை நீட்டினால் ஏதாவது இருக்க வேண்டாமா?

கடை போட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தார். ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு.

ஆஸ்பத்திரி நர்ஸ் ரத்தம் ஊறும் சாமான் என்று சொன்னதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. எழுத வராதவர்களுக்கு ஞாபகம் நன்றாக இருக்கும். சாலையில் அவர் ஆற்றிய டீயைக் குடிக்காத கடைக்காரர் யாருமில்லை. அவர் கேட்டால் நல்லதாக எடுத்துக் கொடுத்தார்கள். கறுப்பு எள், பனங்கருப்பட்டி, பேரீச்சம்பழம், தோல் உரிக்காத உளுந்து, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, கேப்பை, ஒரு பெரிய பை நெல்லிக்காய்.

நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி, இஞ்சியும் கறிவேப்பிலையும் கல் உப்பும் சேர்த்து அரைத்து வடிகட்டிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினார். கெட்டி மோரில் சின்ன உள்ளியும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்டுத் தனியாக ஒரு ஜாடி. வேண்டும்போது தண்ணீர் விட்டால் சம்பாரம். பயறு துணியில் கட்டி முளை விட்டதும் ஒரு டப்பா. கடலை வேகவைத்து ஒரு டப்பா. கேப்பையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து ஒரு தூக்கு. முருங்கைக்கீரையை ஆய்ந்து, ஈரம் போகத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்தார். பேரீச்சம்பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு வறுத்த நிலக்கடலையை அடைத்தார். எள்ளுருண்டைக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை. ஆனால் அந்த வீட்டு எறும்புக்கு எதை வெளியே வைத்தாலும் ஆகாது. அதுவும் உள்ளே போனது. மண்சட்டியில் சாளைமீன் குழம்பு எல்லாவற்றுக்கும் அடியில்.

எது எந்த நாள் செய்தது என்று எழுதி ஒட்ட அவருக்கு வராது. மளிகைக்கடை ரப்பர் பேண்டு போட்டார். திங்களுக்குச் சிவப்பு, செவ்வாய்க்குப் பச்சை, புதனுக்கு மஞ்சள். மூன்று நிறம்தான், எதுவும் நான்காம் நாள் உள்ளே இருக்கக் கூடாது என்பது கணக்கு. பழையது முன்னால், புதியது பின்னால். கடையில் பன் அடுக்குகிற முறை.

மாடம்மாளுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. குடோனிலிருந்து வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இங்க என்ன கல்யாணமா நடக்கு?"

"எல்லாம் நம்ம பிள்ளைக்குத்தான்."

"பெத்த உடம்புக்கு ஐஸ் பெட்டிச் சாமானக் குடுக்கப் போறியளா? ஜன்னி வந்தா யாரு பாப்பா? நான் இவளப் பெத்தப்ப நாப்பது நாளு பச்சத்தண்ணி தொட விட்டாங்களா உங்க அம்மா?"

"அப்படியே எடுத்துக் குடுப்பனா? சுடுதண்ணில எறக்கி வச்சுக் குளிரு போனப்புறம்தான் குடுப்பேன். முப்பத்தெட்டு வருசம் கடையில நின்னவன்ட்டி."

"கடையில நின்னிய. பிள்ளப்பேறு பாத்தியளா?"

நயினார் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினார். மறுநாளும் செய்தார்.

அஜிதாவுக்குப் பிடித்திருந்தது. காலை பத்து மணிக்குப் பேரீச்சம்பழம், பன்னிரண்டுக்கு முளைப்பயறு, மூன்று மணிக்கு எள்ளுருண்டை, ஐந்துக்குக் கடலை. ஒவ்வொன்றோடும் நயினார் கையால் ஆற்றிய டீ ஒரு கிளாஸ். டீக்கடையில் அதுதான் முறை. கடி என்று பலகாரம் ஒன்று தட்டில் போனால், கூடவே கிளாஸ் போக வேண்டும். வடை மட்டும் வந்து டீ வராமல் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் நயினாருக்கு இன்றைக்கும் உடம்பு கூசும். மகளுக்கு மட்டும் எப்படி வெறும் தட்டை நீட்டுவார்? அதுவும் ஸ்பெஷல் டீ. தூள் தூக்கலாக, பால் கொஞ்சமாக, சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. இரும்பு மாத்திரை கசக்கிறது என்று அவள் முகம் சுளித்தால், "டீயோட முழுங்கு, தெரியாது" என்பார். அவளும் ஒரே மடக்கில் முழுங்கிவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்பாவின் டீ என்றால் அவளுக்கு உயிர்.

ஒரு மாதம் இப்படிப் போனது. அஜிதாவின் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. நயினார் நம்பிக்கையோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எட்டு புள்ளி மூன்று.

அஜிதா சீட்டை வாங்கிப் படித்து டாக்டர் முன்னால் வைத்தாள். டாக்டர் அவளையும் சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று நயினார் சத்தியம் பண்ணாத குறை. இன்னும் ஐந்து வாரம் பார்க்கலாம், அப்போதும் இப்படியே இருந்தால் படுக்கையில் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வரும் ஆட்டோவில் பிள்ளை நயினார் மடியில் இருந்தது. அஜிதா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் அட்மிட் ஆனா வாவா யாருட்ட இருப்பா? பாலு?"

அன்று சாயங்காலம் மாடம்மாள் ஆடித் தீர்த்துவிட்டாள்.

"நான் தலபாடா அடிச்சேன்லா! ஐஸ் பெட்டில கெடந்த சாமானத்துல என்ன சத்து இருக்கும்? எல்லாம் செத்துப் போயிருக்கும். ஒரு மாசம் செத்த சாமானத் தின்னுருக்கா எம்பிள்ள!"

சொன்னதோடு நிற்கவில்லை. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டப்பாக்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். நயினார் தடுக்கவில்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள் ரப்பர் பேண்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு படித்தவன் தெரியாத காரியத்தில் கை வைத்துவிட்டேனோ என்று தோன்றியது.

"அம்மா, மதி, போதும். கரண்ட மாட்டு. கருவாடா அது, வெளிய வைக்க?" என்று அஜிதாதான் எழுந்து வந்து பிளக்கை மாட்டினாள். அந்த நாலடி நடந்ததுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

மறுவாரம் சுகாதார நிலையத்து நர்ஸ் ரெம்யா வீட்டுக்கு வந்தாள். பாறசாலைக்காரி, வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். தடுப்பூசி போட்ட பிள்ளைகளைப் பார்த்துப் போக அந்த வட்டாரம் முழுக்க ஸ்கூட்டரில் சுற்றுகிறவள். அன்று மாடம்மாளுக்கு லீவு. ரெம்யா பிள்ளையின் தொடையைப் பார்த்தாள், கையோடு கொண்டுவந்திருந்த தூக்குத் தராசில் எடை போட்டாள், பிறகு அஜிதாவின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "எந்தா இது, இப்பழும் வெளுத்துத்தானே இருக்கு? என்ன சாப்பிடுற?" என்றாள்.

"அதையே கேளுங்க சிஸ்டர்," என்று மாடம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஐஸ் பெட்டி. பூரா ஐஸ் பெட்டிச் சாமானம்."

ரெம்யா போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். ரப்பர் பேண்டு எதற்கு என்று கேட்டாள். நயினார் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, எங்க ஆபீஸ் ஃபிரிட்ஜ்லகூட இத்தன ஒழுங்கு கிடையாது கேட்டோ. இது எல்லாம் நல்ல சாமானம். சத்து ஒண்ணும் செத்துப்போகாது, மாமி. சூடு பண்ணித் தாறாருல்லா, பின்ன என்ன?"

"அப்ப ஏன் ரத்தம் ஏறல?" என்றாள் மாடம்மாள்.

ரெம்யாவுக்கும் பிடிபடவில்லை. மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினாள். சரியாக இருந்தது. வயிற்றுப்போக்கு உண்டா, உதிரம் அதிகமா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தாள். எதுவுமில்லை. அதற்குள் மணி பதினொன்றாகிவிட்டது. வந்தவளைச் சும்மா அனுப்ப நயினாருக்கு மனசு வராது. அடுப்பில் பாலை வைத்து, நான்கு கிளாஸ் டீ ஆற்றிக்கொண்டு வந்தார். ஒரு தட்டில் எள்ளுருண்டை. ரெம்யா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "என்டம்மே, என்ன ருசி!" என்றாள். நயினார் மகளுக்கு ஒரு கிளாஸை நீட்டி, காலையில் போட வேண்டிய மாத்திரையையும் பிரித்துக் கொடுத்தார். அஜிதா வாயில் போட்டு டீயை ஊற்றினாள்.

ரெம்யா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஏ மோளே! சாயாவோடயா அயன் குளிகை சாப்பிடுற?"

"எப்பவும் அப்படித்தான். கசப்புத் தெரியாது."

"ஒரு நாளைக்கு எத்தன சாயா?"

அஜிதா அப்பாவைப் பார்த்தாள். நயினார் விரல் விட்டார். காலையில் ஒன்று. பத்து மணிக் கடியோடு ஒன்று. பன்னிரண்டு. மூன்று. ஐந்து. ராத்திரி மாத்திரைக்கு அரை கிளாஸ்.

"எல்லாம் தீனியோடயா?"

"பின்ன வெறும் தட்டா குடுக்க முடியும்?" என்றார் நயினார்.

ரெம்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். டீயில் இருக்கிற கறை, இரும்பை உடம்பு எடுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். மாத்திரையில் உள்ளதையும் பிடிக்கும், எள்ளிலும் கீரையிலும் உள்ளதையும் பிடிக்கும். அஜிதா தின்றதில் பாதிக்குமேல் டீயோடு சேர்ந்து அப்படியே வெளியே போயிருக்கும். மாத்திரையை நெல்லிக்காய்ச் சாற்றோடு சாப்பிட்டால் நேர்மாறு, நன்றாகப் பிடிக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். ரத்தம் ஏறுகிறவரை டீயே இல்லாவிட்டால் ரொம்ப நல்லது.

நயினார் கையில் காலி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எத்தனை லட்சம் கிளாஸ் ஆற்றியிருப்பார். காய்ச்சல் வந்தவன், தலைவலிக்காரன், பரீட்சைக்குப் போகிற பிள்ளை, சவ வீட்டிலிருந்து வந்தவன், எல்லோருக்கும் அவர் கொடுத்தது அதுதான். அது யாருக்கும் ஒரு கெடுதல் செய்யும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"அப்ப நான்தானா," என்றார்.

மாடம்மாள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, "எனக்கும்தான் தெரியாது. நான் பெட்டியத்தான திட்டுனேன்," என்றாள்.

அன்று மத்தியானமே நயினார் டீத்தூள் டின்னைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு எலிசாளிடம் கொடுத்துவிட்டார். மகள் முன்னால் மற்றவர்கள் குடித்தால் அவளுக்கு ஆசை வரும், வாசனை போதும். ஆகவே வீட்டில் யாருக்கும் டீ இல்லை. முதல் மூன்று நாள் மாடம்மாளுக்கு மண்டையிடி. குடோனில் குடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். நயினார் வெறும் செம்பை எடுத்து எடுத்துக் கீழே வைத்தார். அவர் டீ மாஸ்டர். குடிப்பது குறைவு, ஆற்றுவதுதான் பழக்கம்.

சாயங்காலம் ஐந்து மணிதான் பெரிய பாடு.

"அப்பா, ஒரே ஒரு கிளாஸ். பாதி. கால்."

"இல்லம்மா."

"நீங்க டீ மாஸ்டரா, போலீசா? தூக்கிக் குடுத்த டீத்தூள்ல ஒரு துளிகூடவா மிச்சமில்ல?"

"எலிசாள்ட்ட கேளு."

"கேட்டேன். ஒங்கப்பா கொன்னுருவாருன்னு சொல்லிட்டாங்க."

நயினார் ஃபிரிட்ஜைத் திறந்தார். மோர் ஜாடியை வெளியே எடுத்துக் குளிர் விடும்வரை வைத்திருந்து, தண்ணீர் கலந்து வடிகட்டி, பழைய டீக் கிளாஸையும் செம்பையும் எடுத்துக்கொண்டார். கையைத் தலைக்குமேல் தூக்கி, ஒரு கஜம் நீளத்துக்குச் சம்பாரத்தை ஆற்றினார். சிந்தாமல் மூன்று தடவை. மேலே விரல் கனத்துக்கு நுரை. கிளாஸை டக்கென்று வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி மகள் பக்கம் தள்ளினார்.

"ஒரு ஸ்ட்ராங்!" என்றார், கடையில் கூவுகிற குரலில்.

அஜிதா சிரித்துவிட்டாள். பிள்ளை பிறந்து இத்தனை நாளில் அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். குடித்துவிட்டு, "இது டீ இல்ல," என்றாள். மறுநாள் ஐந்து மணிக்கு அவளே கேட்டாள்.

கடி வெறும் தட்டில் போகக் கூடாது என்ற முறையை நயினார் விடவில்லை. எள்ளுருண்டையோடு நெல்லிக்காய்ச் சாறு, கடலையோடு எலுமிச்சை பிழிந்த சீரகத் தண்ணீர், பேரீச்சம்பழத்தோடு நன்னாரி. எல்லாவற்றையும் ஆற்றித்தான் கொடுத்தார். மாத்திரைக்கு இரண்டு வேளையும் நெல்லிக்காய். நான்காவது வாரம் ஒருநாள் மாடம்மாள் குளித்துவிட்டு வரும்போது அஜிதா பாயிலிருந்து எழுந்து அடுப்படிவரை போய்த் திரும்பியிருந்தாள், நின்று மூச்சு வாங்காமல். பிள்ளையைத் தூக்க மட்டும் அவளுக்குப் பயம் போகவில்லை. சீட்டு வரட்டும் என்றாள்.

சீட்டு வந்தது. பத்து புள்ளி இரண்டு.

டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். டிரிப் வேண்டாம், மாத்திரை இன்னும் மூன்று மாதம், இப்போது சாப்பிடுகிற சாப்பாடே போதும் என்றார். பிள்ளையைத் தூக்கி நடக்கலாமா என்று அஜிதா மலையாளத்தில் கேட்டாள். "பின்னே? நடக்காமலா?" என்றார் அவர்.

வெளியே பெஞ்சிலிருந்து கிளம்பும் நேரம் நயினார் வழக்கம்போலக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். அஜிதா அதைக் கவனிக்கவில்லை. வாவாவை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். சரியவில்லை. நடக்க ஆரம்பித்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நயினார் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

குடோனிலிருந்து மாடம்மாள் போன் பண்ணினாள்.

"எத்தன?"

"பத்து. பத்துக்கும் மேல."

"யாரு சொன்னா?"

"சீட்டுல போட்டிருக்குட்டி!"

அந்தப் பக்கம் குடோனில் யாரிடமோ அவள் 'பத்துக்கு மேலயாம்' என்று சொல்வது கேட்டது. பிறகு, "சரி. வரும்போது கறுப்பு எள்ளு வாங்கிட்டு வாங்க. கொண்டைக்கடலையும். பெட்டில மேல் தட்டு காலியா கெடக்கு, பாக்க நல்லால்ல," என்றாள்.

சாலைக்குப் போக எதிர்ப்பக்கம் பஸ். நயினார் தயங்கினார். இவளை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார்.

"நீங்க சாலைக்குப் போங்கப்பா," என்றாள் அஜிதா. "நான் இவளக் கொண்டு போயிருவேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். எம்பிள்ளதான."

பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ கிளம்பிப் போய் வளைவில் திரும்பும்வரை நயினார் நின்று பார்த்தார். பிறகு பையை உதறி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார்.